கரைப்பான் எதிர்ப்பா, ஊடுபுகல் தடையா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

நெகிழிக் கேன்களை ஃபுளூரின் வாயுவால் பதப்படுத்தும் முறைக்குக் 'கரைப்பான் எதிர்ப்புப் பூச்சு' என்ற சொல்லை ஐயா அவர்கள் சென்ற மடலில் முன்மொழிந்திருந்தார்கள். இதில் 'கரைப்பான்' (தின்னர் போல, பிற பொருள்களைக் கரைக்கும் திரவம்) இருக்கட்டும். எங்கள் பாலக்காட்டுப் பக்கம் 'லாயகம்' என்ற மலையாளச் சொல் நாளும் காதில் விழுந்தாலும், தமிழ்வழிப் பிள்ளைகளிடம் 'கரைப்பான்' ஊன்றிவிட்டது. 'எதிர்ப்பு', 'பூச்சு' என்ற மற்ற இரண்டையும் ஏற்க இயலவில்லை.

நைட்ரஜன் கலந்த ஃபுளூரின், உயரடர்த்திப் பாலிஎத்திலீன் கேனின் மீது படும்போது எதுவும் பூசப்படுவதில்லை. பரப்பிலுள்ள கார்பனோடு பிணைந்த ஹைட்ரஜனின் இடத்தை ஃபுளூரின் பிடித்துக்கொள்கிறது. பாலிகார்பனேட் என்ற நெகிழியாலான கார் முகப்புவிளக்கின் மேல் இடப்படும் சிலாக்சேன் (சிலிக்கான் சேர்மம்) படலமே உண்மையில் பூச்சு. ஆகவே தோல் தொழிலில் வழங்கும் சொல்லை எடுத்து 'மேற்பரப்புப் பதனம்' எனலாம்.

'எதிர்ப்பு' என்பதில்தான் பெரிய சிக்கல். பாலிஸ்டைரீன் டொலுயீனில் கரைவதைப் போலப் பாலிஎத்திலீன் சாதாரண வெப்பநிலையில் தின்னரில் கரைவதே இல்லை. எங்கள் பக்கத்துக் கஞ்சிக்கோட்டுப் பெயின்ட் கடைகளில் வெயில் படும்படி அடுக்கிவைத்த பழைய தின்னர் கேனைப் பாருங்கள்: மூடி இறுக்கமாக இருக்கும், அடியில் ஈரம் இராது, ஆனால் பக்கச் சுவர்கள் உள்வாங்கி, லேபிள் சுருங்கி, நெடி மட்டும் வாசல்வரை வீசும். தின்னரிலுள்ள டொலுயீன் போன்றவை சுவருக்குள் கலந்து, அதன் ஊடே பரவி, வெளிப்புறத்தில் ஆவியாகிவிடுகின்றன. ஃபுளூரின் ஏறிய பரப்பில் இத்தகைய ஹைட்ரோகார்பன்கள் எளிதில் கலப்பதில்லை என்பதால், மிக மெல்லிய அந்த அடுக்கே இப்போக்கை வெகுவாகக் குறைத்துவிடுகிறது. எனவே 'ஊடுபுகல் தடை' என்பதே பொருந்தும். வேறொருவர் சொன்ன 'கசிவுத் தடை' என்பதைக் கேட்டால் கடைக்காரர் மூடியைத்தான் திருகுவார். 'ஊடுருவல்' என்பதையோ செய்தித்தாள்கள் எல்லை தாண்டுவோருக்கு எழுதிக்கொடுத்துவிட்டன.

'பதனம்' என்றாலே பாதுகாப்பு என்று பொருள் விரியாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாலித்தீன் தாளில் அச்சு மை ஒட்டுவதற்காகச் செய்யும் கொரோனா மின்னிறக்கமும் (உயர் மின்னழுத்தத்தால் காற்றில் உண்டாக்கும் மின்பாய்ச்சல்) பதனமே. அது, மை பரவி ஒட்ட உதவும் பரப்பாற்றலை மீட்டருக்குச் சுமார் 31 மில்லிநியூட்டனிலிருந்து 38 அளவுக்கு உயர்த்துகிறதே தவிர, கரைப்பானைத் தடுப்பதில்லை. ஆதலால் நம் கலைச்சொல் பட்டியலில் 'ஃபுளூரின் பதனம்', 'கொரோனா பதனம்' எனத் தனித்தனியே பதிந்து, 'ஊடுபுகல் தடை' என்பதை முன்னதன் விளக்கத்தில் மட்டும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.