மனச்சோர்வு நோயாளி திடீரென்று மனம் தெளிந்தவர்போலத் தெரிந்தால்?

பயிற்சி மாணவி: மனநலப் பிரிவில் 10 நாளாகச் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்த ஓர் அம்மா, இன்று தாமாகவே தலைவாரிக்கொண்டு, தம் வளையல்களைப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டார். இதை முன்னேற்றம் என்று குறிப்பேட்டில் எழுதலாமா?

மூத்த செவிலியர்: அவசரப்பட வேண்டாம். மருந்து முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். மனம் தெளியும் முன்பே உடலில் தெம்பு திரும்பிவிடலாம் என்பதால், தற்கொலை எண்ணத்தைச் செயலாக்கும் ஆபத்து இந்தக் கட்டத்தில் கூடக்கூடும். உடைமைகளைப் பிறருக்குக் கொடுப்பதும் எச்சரிக்கை அறிகுறிதான். மருத்துவருக்கு உடனே தெரிவியுங்கள். அந்த அம்மாவைத் தனியே விடாதீர்கள்.

மற்றொருவர்: "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. மாத்திரையை விழுங்குகிறாரா, கன்னத்தில் ஒதுக்குகிறாரா என்றும் பாருங்கள்.

பயிற்சி மாணவி: கேட்டதும் அழுதுவிட்டார். தலையணை உறைக்குள் 6 மாத்திரைகள் இருந்தன. மருத்துவர் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.