உப்பு பார்க்கும்போது சரி, சாப்பிடும்போது கரிக்கிறது: ஏன்?

குழம்புக்கரண்டி:
ரசம், வத்தக்குழம்பு இரண்டுமே அடுப்பில் இருக்கையில் உப்பு பார்த்தால் கச்சிதமாக இருக்கிறது. இலையில் ரசம் கரிக்கிறது. குழம்போ சோற்றில் பிசைந்ததும் சப்பென்று ஆகிவிடுகிறது. ரசம் 1 லிட்டர், கல் உப்பு கை அளவுதான். உப்பு பார்ப்பதற்கென்று முறை ஏதும் உண்டா? கூடவே ஒரு சந்தேகம்: காரமும் துவர்ப்பும் சுவையே இல்லை என்கிறார்களே, அப்படியானால் அறுசுவை என்ன கணக்கு?

பந்திக்கட்டு:
இரண்டும் வேறு வேறு கோளாறு. ரசத்தில் தண்ணீர் வற்றுகிறது, உப்பு வற்றாது. 1 லிட்டருக்கு 8 கிராம் போட்டால் 0.8%, குடிக்கிற ரசத்துக்கு அதுதான் அளவு. அது கொதித்து 750 மில்லி ஆனால் அதே 8 கிராம் 1.07% ஆகிவிடும், கரிக்காமல் என்ன செய்யும்? புளித்தண்ணீரில் முக்கால் பங்கு உப்பு மட்டும் போடுங்கள். பச்சை வாசனை போய், பருப்புத்தண்ணீர் விட்டு, நுரை கூடும்போது மீதியைச் சரிபாருங்கள்.

குழம்பின் கதை தலைகீழ். 150 கிராம் வெறும் சோற்றில் 75 கிராம் குழம்பு விட்டால் உப்பு மூன்றில் ஒரு பங்காக நீர்த்துவிடும். கலந்த சோற்றில் 0.5% நிற்க வேண்டுமென்றால் குழம்பில் 1.5% வேண்டும். அதாவது தனியாக நக்கினால் தூக்கலாகத் தெரிவதுதான் சரி. வத்தக்குழம்புக்கு உப்பு பார்க்க ஒரு பிடி சோறு வேண்டும், கரண்டி போதாது. வற்றலிலேயே உப்பு உண்டு என்பதையும் மறக்காதீர்கள். அது ஊறி இறங்கிய பிறகு பாருங்கள்.

'கை அளவு' வேண்டாம். தூள் உப்பு தலைதட்டி 1 டீஸ்பூன் சுமார் 6 கிராம். கல் உப்பு பரலுக்குப் பரல் மாறும், எடை போட்டுத்தான் ஆகவேண்டும். கெட்டிக் குழம்பில் கல் உப்பு உடனே கரையாமல் அடியில் கிடக்கும். போட்ட கையோடு பார்த்து 'போதவில்லை' என்று இன்னொரு தரம் போடுவதுதான் பாதி வீடுகளில் நடக்கிற தப்பு.

பார்க்கும் விதம்: அடிவரை கலக்கி, ஒரு ஸ்பூன் கிண்ணத்தில் எடுத்து, உள்ளங்கையில் சொட்டினால் பொறுக்கிற சூடு வரும்வரை ஆறவிடுங்கள். நுனிநாக்கால் தொட்டுப் பார்த்தால் போதாது. வாய் முழுக்கப் பரப்பி விழுங்குங்கள். நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பள்ளியில் வரைந்த நாக்குப் படம் தப்பு. எல்லாச் சுவையும் எல்லா இடத்திலும் தெரியும், மேலண்ணத்திலும் சுவைமொட்டுகள் உண்டு. மூன்று தரம் பார்த்ததும் நாக்கு பழகிப்போய் உப்பு குறைந்த மாதிரிக் காட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளித்துவிட்டு மறுபடி பாருங்கள். பல் தேய்த்த உடனே பார்க்காதீர்கள். பேஸ்ட்டில் உள்ள நுரைக்கிற பொருள் இனிப்பை அமுக்கிக் கசப்பைத் தூக்கிவிடும்.

மாசிச்சம்பல்:
ரெண்டாவது கேள்விக்கு. எங்கட பக்கம் காரத்தை 'உறைப்பு' எண்டுதான் சொல்லுவம். மிளகாயில இருக்கிற காப்சைசின் சுவைமொட்டுக்குப் போறதில்லை. சூட்டையும் வலியையும் அறியிற நரம்பைத் தூண்டுது. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேல சூடு பட்டால் விழிக்கிற அதே ஏற்பிதான் (ஏற்பி எண்டால் உணர்வைப் பிடிக்கிற புரதம்). சோதிச்சுப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை: மிளகாய் வெட்டின கை கண்ணில பட்டால் எரியும், சீனி தொட்ட கை பட்டால் கண்ணுக்கு இனிக்காது. காப்சைசின் தண்ணியில கரையாது, அதால தண்ணி குடிச்சுப் பிரயோசனமில்லை. பாலோ தயிரோ குடியுங்கோ.

துவர்ப்பை நாங்கள் 'கயர்' எண்டும் சொல்லுறது. வாழைப்பூ, பாக்கு, கடுஞ்சாயம் (பால் விடாத கடுந்தேநீர்) இதுகளில இருக்கிற டானின் எச்சிலின்ரை புரதத்தைப் பிடிச்சுத் திரட்டும். வழுவழுப்புப் போய் நாக்கு சொரசொரப்பாகும். பிளேன்டீயில பால் விட்டால் கயர் குறையிறது, டானின் பால் புரதத்தோட ஒட்டிக்கொள்ளுறதாலதான்.

இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு நாலும் அறுசுவை, விஞ்ஞானம் எண்ட ரெண்டு கணக்கிலும் உண்டு. விஞ்ஞானக் கணக்கில அஞ்சாவது உமாமி: 1908இல ஜப்பானில கிகுனே இகேடா, 'கொம்பு' எண்ட கடற்பாசி அவிச்ச சாறில குளூட்டமேட் எண்ட பொருளைப் பிரிச்செடுத்து, அதின்ரை சுவைக்கு வைச்ச பேர். 1913இல அவரின்ரை மாணவர் கொடாமா, காய்ஞ்ச மீனில இனோசினேட் எண்ட இன்னொரு உமாமிப் பொருளைக் கண்டார். ரெண்டும் சேர்ந்தால் சுவை பலமடங்கு ஏறும். தக்காளியில முதலாவது இருக்கு, மாசியில (காய்ஞ்ச மீன்) ரெண்டாவது இருக்கு; தக்காளிக்குழம்பில மாசித்தூள் போட்டால் உப்புக் குறைவாயிருந்தாலும் நிறைவாத் தெரியிறதுக்கு இதுதான் காரணம். அறுசுவைக் கணக்கு வாய் உணர்றதையும் உடம்பில அது செய்யிறதையும் வைச்சுப் பிரிச்சது. விஞ்ஞானக் கணக்கு ஏற்பிகளை வைச்சு. ஒண்டைக் கொண்டு மற்றதைப் பிழை எண்டு சொல்ல ஏலாது.

நெய்விளக்கு:
ஒன்று விட்டுப்போயிற்று. சுவை வாயோடு நின்றுவிடும், ருசிக்கு மூக்கும் வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு சீரகத்தை மெல்லுங்கள்: லேசான கசப்பு, அவ்வளவுதான். விரலை எடுத்ததும் சீரகம் 'வந்துவிடும்'. சளி பிடித்திருக்கும்போது உப்பு, புளி, இனிப்பு தெரியும். பெருங்காயமும் கொத்தமல்லியும்தான் தெரியாது. அந்த நாளில் தாளிப்பைக் கூட்டாதீர்கள், மற்றவர்கள் பாடு திண்டாட்டம்.

நைவேத்தியத்துக்குச் செய்பவர்கள் வாயில் வைத்தே பார்ப்பதில்லை. அளந்து போடுவதுதான் வழி. பந்திக்கட்டு சொன்ன எடைக் கணக்கு அங்கே கட்டாயம்.

பந்திக்கட்டு:
உருளைக்கிழங்கு போட்டால் அதிகப்பட்ட உப்பை உறிஞ்சிவிடும் என்று யாராவது எழுதுவதற்கு முன்: கிழங்கு உப்பைத் தனியாக இழுக்காது, உப்புத்தண்ணீராகத்தான் குடிக்கும். மிச்சக் குழம்பின் கரிப்பு அப்படியே இருக்கும். உப்பில்லாத புளித்தண்ணீரோ பருப்புத்தண்ணீரோ விட்டு அளவைக் கூட்டுங்கள்.