குரோஷேயில் டிராகன் கொம்பு: திருகோணமலை வெக்கைக்கு எந்த நூல் சரி?

கடல்நூல்:
காஸ்பிளேக்காக (கதாபாத்திர வேடம் போட) டிராகன் கொம்பும் தோளில் போடச் செதில் போர்வையும் குரோஷேயில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், பின்னப் போகிறேன். என்னிடம் இருப்பது அக்ரிலிக் என்ற செயற்கை நூல். நம்ம திருகோணமலை வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு நிற்க முடியுமா? கொம்பு சரியாமல் நிற்க என்ன வழி?

பின்னல்காரி:
தங்கச்சி, கொம்புக்கு அக்ரிலிக்கே நல்லது, பாரம் குறைவு. உடம்பில் படும் போர்வைக்கு மட்டும் பருத்தி நூல் எடுங்கள், வியர்வையை உறிஞ்சும், ஆனால் தொங்கத் தொங்க நீளும், அதனால் கொஞ்சம் நீளம் குறைவாகவே பின்னுங்கள். கொம்பை 6 தையலில் தொடங்கி, இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு தையல் மட்டும் கூட்டுங்கள். சுற்றுக்கு 6 கூட்டினால் தட்டாகிவிடும். வளைவு வேண்டுமா? ஒவ்வொரு சுற்றிலும் பாதியைச் சிங்கிள் குரோஷே என்ற குட்டைத் தையலாகவும் மறுபாதியை ஹாஃப் டபுள் என்ற சற்று உயரமான தையலாகவும் போடுங்கள், உயரமான பக்கம் வெளியே தள்ளிக் கொம்பு தானாக வளையும், பார்க்கவே அவ்வளவு அழகு!

நிலாவெளியான்:
உள்ளே கம்பி வைப்பதென்றால் அலுமினியம் வையுங்கள். இரும்பு இந்தக் கடல் காற்றுக்குத் துருப்பிடித்து நூலில் கறை இறங்கும். அப்புறம், அக்ரிலிக்கில் சூடான அயன் பெட்டியை வைக்க வேண்டாம், உருகிவிடும்.

கடல்நூல்:
நன்றி அக்கா, அண்ணா. ஹெயார்பேண்டில் ஒட்டுவதா, தைப்பதா?

பின்னல்காரி:
தையுங்கள். வியர்வையில் பசை விட்டுவிடும்.