கலிஃபோர்னியா ஃபெடரல் கோர்ட் கட்டடங்களுக்குள் போன அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

வளைகுடாவாசி:

நானே ஆரம்பிக்கிறேன். குடியுரிமை வாங்கி இரண்டு வருஷம் ஆன கையோடு ஜூரி சம்மன் வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஃபெடரல் கோர்ட், அதாவது மத்திய அரசின் கோர்ட் என்றால் எனக்குத் தெரிந்தது செவன்த் தெருவும் மிஷன் தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கிற பழைய கல் கட்டடம்தான். விலாசத்தை ஒழுங்காகப் படிக்காமல் காலை ஏழே முக்காலுக்கு அங்கே போய், பாதுகாப்புச் சோதனைக்காகக் கழற்றிய பெல்ட்டைக் கையில் பிடித்தபடி நிற்கிறேன், வாசல் காவலர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இது அப்பீல் கோர்ட், ஜூரியெல்லாம் கோல்டன் கேட் அவென்யூவில், கால் மணி நேரம் நடங்க" என்கிறார். ஓட்டமும் நடையுமாகப் போனேன். அது 1960களில் கட்டிய உயரமான பெட்டி, சொல்ல ஒன்றுமில்லை. என்னைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. ஒரு நாளைக்கு 50 டாலர் படி உண்டு, அவ்வளவுதான்.

மத்தியானம் விட்டுவிட்டார்கள், விடுவேனா, திரும்ப செவன்த் தெருவுக்கே போனேன். உள்ளே பளிங்கும் மொசைக்கும், நம்மூர் அரண்மனை தோற்கும், ஆனால் கட்டியது கோர்ட்டுக்கும் தபால் ஆபீஸுக்கும் சேர்த்து. 1905இல் திறந்தார்கள், எட்டு மாசத்தில் 1906 நிலநடுக்கம். சுற்றிலும் தெருவே இறங்கிவிட்டது, அப்புறம் தீ. தபால் ஊழியர்கள் சிலர் வெளியேற மறுத்து, சாக்குப்பைகளைத் தண்ணீரில் நனைத்து அடித்தே தீயை அணைத்தார்களாம். 1989 நிலநடுக்கத்தில் மறுபடி அடிபட்டு, ஏழு வருஷம் மூடிக் கிடந்தது. இப்போது மொத்தக் கட்டடமும் 256 தாங்கிகள் மேல் உட்கார்ந்திருக்கிறது, பூமி ஆடினால் அதுவும் சேர்ந்து வழுக்கிக்கொடுக்கும்.

எனக்கு உள்ளே போனதும் நினைவு வந்தது இன்னொன்று. அமெரிக்காவில் இருந்துகொண்டு இந்திய விடுதலைக்குப் போராடிய கதர் கட்சிக்காரர்கள் மீதான சதி வழக்கு இந்தக் கட்டடத்தில்தான் நடந்தது. 1917 நவம்பரில் தொடங்கி ஐந்து மாசத்துக்கு மேல் ஓடியது. கடைசி நாட்களில், 1918 ஏப்ரலில், கட்சித் தலைவர் ராம் சந்திராவை உடன் குற்றம் சாட்டப்பட்ட ராம் சிங் கோர்ட்டுக்குள்ளேயே சுட்டுவிட்டார், அடுத்த நொடி மார்ஷல் ஒருவர் கூட்டத்தின் தலைக்கு மேலாகச் சுட்டு அவரையும் வீழ்த்தினார். நம்ம செண்பகராமன் பிள்ளை பெர்லினில் இருந்த அதே வலைப்பின்னலின் அமெரிக்கக் கிளை இது. துப்பாக்கி எப்படி உள்ளே வந்தது என்று யோசித்துக்கொண்டே பெல்ட்டை மறுபடி மாட்டினேன்.

எல்.ஏ. முருங்கை:

அண்ணா, எங்க லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பிரிங் தெரு கோர்ட்டுக்கு நான் கார் விபத்து கேஸுக்காகப் போனேன். 1940இல் கட்டிய வெள்ளைப் படிக்கட்டு மாதிரிக் கட்டடம், இப்போது மாநில கோர்ட் அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஃபெடரல் ஆட்கள் 2016இல் ஃபர்ஸ்ட் தெருவில் ஒரு கண்ணாடிக் கனசதுரம் கட்டிப் போய்விட்டார்கள். பழைய ஸ்பிரிங் தெருக் கட்டடத்துக்குள்ளே இளம் லிங்கன் சிலை ஒன்று உண்டு. சட்டை இல்லை, கட்டைவிரலைக் கால்சட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஏதோ சினிமா ஹீரோ போஸ்! வக்கீலம்மா அதைக் காட்டி சிரித்ததில்தான் எனக்குப் பதற்றம் குறைந்தது. மெண்டெஸ் வழக்கும் இந்தக் கட்டடத்தில்தான், மெக்சிகன் குழந்தைகளைத் தனிப் பள்ளிக்கு அனுப்புவது செல்லாது என்று 1946இல் தீர்ப்பு. அதை 1947இல் உறுதி செய்தது நீங்கள் பெல்ட்டோடு நின்றீர்களே, அந்த அப்பீல் கோர்ட்தான்.

பசடேனா அத்தை:

அந்த அப்பீல் கோர்ட்டுக்கு எங்க பக்கமும் ஒரு கட்டடம் இருக்கிறது தம்பி. ஒரு காலத்தில் பணக்காரர்கள் குளிர்காலத்தைக் கழிக்க வந்த ஹோட்டல், உலகப் போரில் ராணுவ மருத்துவமனை, 1980களிலிருந்து கோர்ட். தெரிந்த ஈழத் தமிழர் ஒருவரின் அசைலம் (அடைக்கலம்) அப்பீல் அன்றைக்கு. வக்கீல் "நீங்க வரவே தேவையில்லை" என்றும் அவர் கேட்கவில்லை, துணைக்கு என்னை அழைத்துப் போனார். நாலைந்து வருஷக் காத்திருப்பு, பேச்சு இருபது நிமிஷம். வக்கீல் நிற்கும் மேசையில், பேச நேரம் மிச்சம் இருக்கிறதா என்று காட்டும் சின்ன விளக்கு: பச்சை, மஞ்சள், சிவப்பு. மஞ்சள் விழுந்ததும் இவர் என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. தீர்ப்பு அன்றைக்கே சொல்ல மாட்டார்கள். வெளியே வந்து ஓடைப் பள்ளத்தையும் 1913இல் கட்டிய கொலராடோ தெருப் பாலத்தையும் பார்த்தபடி கொண்டுபோன புளிசாதத்தைச் சாப்பிட்டோம், ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வளைகுடாவாசி:

அத்தை, அவருக்கு என்ன ஆச்சு?

பசடேனா அத்தை:

ஜெயித்துவிட்டார் தம்பி. இப்போ ரிவர்சைடில் இருக்கிறார்.

எல்.ஏ. முருங்கை:

நல்ல செய்தி! சான் டியேகோ ஆட்கள் யாராவது? அங்கே 1913 கட்டடம் ஒன்று அழகாக இருக்கும், ஆனால் இப்போது திவால் கோர்ட். போனவர்கள் இங்கே வந்து எழுதுவார்கள் என்று தோன்றவில்லை :)