பிளாட்டுக்குத் தனியாகக் காப்பீடு எடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மேல்வீட்டுக் குளியலறையில் குழாய் உடைந்து எங்கள் ஹாலுக்குள் தண்ணீர் கொட்டிவிட்டது. ஃபால்ஸ் சீலிங் ஊறித் தொங்கியது. மரத்தரை ஓரமெல்லாம் உப்பி மேலே வளைந்துவிட்டது. அசோசியேஷன்தான் கட்டடம் முழுக்க மாஸ்டர் பாலிசி எடுத்திருக்கிறதே, நமக்கென்ன கவலை என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நல்லவேளையாக எங்கள் பெயரிலும் தனியாக ஒன்று இருந்தது.

மாஸ்டர் பாலிசி எதுவரை வரும் என்பதை அந்தப் பாலிசியையும் அசோசியேஷன் விதிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். சில கட்டடங்களில் சுவர், கூரை, லிஃப்ட், படிக்கட்டோடு நின்றுவிடும். சிலவற்றில் பில்டர் போட்டுக் கொடுத்த டைல்ஸ், சமையலறை அலமாரி வரைக்கும் சேரும். எங்களுடையது இரண்டாவது வகை. ஆனால் மரத்தரை நாங்கள் பிறகு போட்டது. நஷ்டத்தை மதிப்பிட வந்த சர்வேயர் குனிந்து ஒரு பலகையைத் தூக்கி, அடியிலிருந்த பழைய டைல்ஸைப் பார்த்துவிட்டு, "இது உங்க பாலிசியிலதான் வரணும்" என்றார். உள்வேலைகளுக்கென்று அதில் ஒரு தொகை இருந்ததால் பணம் வந்தது.

அதோடு முடியவில்லை. மாஸ்டர் பாலிசியில் நஷ்டத்தின் முதல் பகுதியை அசோசியேஷனே ஏற்க வேண்டும் என்று இருந்தது. அதை எல்லா வீடுகளுக்கும் பிரித்துவிட்டார்கள். இப்படித் தலையில் விழும் பங்குக்கும் கவர் தரும் பாலிசிகள் உண்டு. எங்கள் ஏஜென்ட் நாங்கள் கேட்ட பிறகுதான் அதைச் சொன்னார். எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

•

மேலே எழுதியவருக்குப் பணம் வந்தது, எங்களுக்குக் கிளைம் கிடைக்கவில்லை. சிங்க்குக்கு அடியில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து அலமாரியின் பின்பலகை கறுத்து உளுத்துப்போயிருந்தது. திடீரென்று உடைந்து கொட்டினால் தருவோம், நாள்பட்ட கசிவு பராமரிப்புக் கணக்கு என்று சொல்லிவிட்டார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. சாக்கடை எதிர்த்து வருவது, வெள்ளம், நிலநடுக்கம் இவையும் சில பாலிசிகளில் தானாகச் சேராது. தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டியிருக்கும்.

•

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. நான் வாடகைக்கு விட்டிருக்கிறேன். குடியிருப்பவரின் சாமான்கள் பொதுவாக நம் பாலிசியில் வராது, அவர்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது. வீடு நீண்ட நாள் காலியாகக் கிடந்தால் சில கவர்கள் நின்றுபோகலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பிரீமியம் குறையட்டும் என்று மதிப்பைக் குறைத்துப் போடாதீர்கள். பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு என்றால், சில பாலிசிகளில் சின்ன நஷ்டத்துக்குக்கூடப் பாதிதான் தருவார்கள். பழைய பொருளுக்குத் தேய்மானம் கழிப்பார்களா, புதிது வாங்கும் விலையைத் தருவார்களா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.