சாமி வந்து ஆடுவது அப்நார்மலா? பாடப்புத்தகம் குழப்புகிறது

அம்மாபேட்டை_தறி:
பி.எஸ்சி. உளவியல். ஒரு நடத்தை அப்நார்மலா என்று பார்க்க விலகல் (வழக்கத்திலிருந்து மாறுபடுவது), வேதனை, செயல்குலைவு, ஆபத்து என்று நாலு அளவுகோல் கொடுத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் சேலம் ஆடிப் பண்டிகையில் சாமி ஆடுபவர் விலகலில் மாட்டுகிறார், அலகு குத்துபவர் ஆபத்தில் மாட்டுகிறார். எங்கே தப்பு?

ஏற்காடு_மிளகு:
தப்பு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்துப் பார்ப்பதில். விலகல் மட்டும் எதையும் தீர்மானிக்காது. ஐ.க்யூ. (அறிவுத்திறன் மதிப்பெண்) சராசரி 100, திட்டவிலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பரவும் அளவு, 15. எழுபதுக்குக் கீழே சுமார் 2.3%, 130க்கு மேலேயும் அதே 2.3%. மேலே இருப்பவரை யாரும் வைத்தியத்துக்கு அனுப்புவதில்லை. கீழேயும் அறிவுத்திறன் குறைபாடு என்று சொல்ல எண் மட்டும் போதாது: பஸ் ஏறுவது, சில்லறை எண்ணுவது போன்ற அன்றாடத் திறனும் குறைந்திருக்க வேண்டும், அது வளரும் வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

சாமிக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11இல் ஆட்கொள்ளும் நிலைக்கென்றே ஒரு கோளாறு இருக்கிறது. அதற்கு அந்த நிலை விருப்பமின்றி வர வேண்டும், ஏற்கப்பட்ட சமய வழக்கத்துக்குள் அடங்காததாக இருக்க வேண்டும், வேதனையோ குலைவோ தர வேண்டும். பம்பை நின்றதும் தெளிந்து, மறுநாள் தறிக்குப் போகிறவர் இதில் வரமாட்டார். அதே ஆள் புரட்டாசியில் வீட்டில் தனியாக, அடக்க முடியாமல், வேலை கெடும் அளவுக்கு ஆடினால் பார்க்க வேண்டியதுதான். முதலில் வலிப்பு, போதை இரண்டையும் விலக்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இதுதான். அலகும் அப்படியே. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம்.-5 தன்னைக் காயப்படுத்தும் நடத்தைக்கு எழுதிய வரையறையில் சமயச் சடங்கை வெளியே வைத்திருக்கிறது.

அம்மாபேட்டை_தறி:
நன்றிங்க. அப்போ வேதனை இல்லையென்றால் நோய் இல்லையா?

செவ்வாய்ப்பேட்டை_வெல்லம்:
இல்லை தம்பி. மேனியாவில் (அளவுமீறிய உற்சாகம் பிடிக்கும் மனநோய் நிலை) மூணு மணி நேரம் தூங்கிவிட்டு உற்சாகமாகக் கடன் வாங்கிச் செலவழிப்பார்கள். வேதனை வீட்டாருக்குத்தான். ஒரு வாரம் நீடித்தாலோ, அதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தாலோ கணக்கு. இழவுத் துக்கம் நேர்மாறு: வேதனை மலையளவு, ஆனால் நோயல்ல. எப்போது நீடித்த துக்கக் கோளாறு ஆகும்? ஐ.சி.டி.-11 குறைந்தது 6 மாதம் என்கிறது, 2022 டி.எஸ்.எம். பெரியவர்களுக்கு 12 மாதம். கோடு மனிதர் போட்டதுதான். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஒருபால் ஈர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்ததும் அதே வகை.

ஏற்காடு_மிளகு:
சட்டத்தையும் ஒரு வரி சேருங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 3: ஊர் ஒழுக்கத்துக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகாததை வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது. ‘ஆபத்து’ பற்றி எழுதும்போது, பெரும்பாலான நோயாளிகள் யாரையும் தாக்குவதில்லை என்பதையும் எழுதுங்கள். நாலில் பலவீனமான அளவுகோல் அதுதான்.