கட்மியம் காட்டும் பக்டீரியா மண் சாற்றில் மட்டும் மங்குது – ஏன்?

படுவான்கரை:
வணக்கம். எங்களிடம் இருப்பது செட்என்ரிஏ (zntA) மரபணுவின் ஊக்குவிப்பானோடு (மரபணுவை முடுக்கிவிடும் பகுதி) ஒளி தரும் லக்ஸ் மரபணுக்களைக் கோத்து, பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் ஏற்றிய ஈ.கோலை பக்டீரியா. கட்மியம் என்ற நச்சு உலோகம் கலத்துக்குள் போனால் ஒளிரும். வடிநீரில் கட்மியம் குளோரைட்டு கரைத்துக் கொடுத்தால் செறிவுக்கேற்ப ஒளி ஏறுகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. வவுணதீவுப் பக்கம் பெரியப்பாவின் வயல் மண்ணையும் வாவியோர மண்ணையும் 1:10 தண்ணீரில் குலுக்கி வடித்துக் கொடுத்தால், வெறும் தண்ணீர்க் குழாயைவிட ஒளி குறைகிறது! வாவியோர மண் இன்னும் மோசம். அதே மண்ணை அமிலத்தில் கரைத்து ஏஏஎஸ்ஸில் (உலோக அளவை அளக்கும் அணு உறிஞ்சல் கருவி) பார்த்தால் இரண்டிலும் கட்மியம் இருக்கிறது. பக்டீரியாவை வளர்க்கும் ஊடகம் எம்9, 37 பாகை. பிளாஸ்மிட் கழன்றுவிட்டதோ?

குழாய்க்காரன்:
எந்தப் பக்டீரியாவின் லக்ஸ்? விப்ரியோ பிஷரியினுடையது 30 பாகைக்கு மேல் படுத்துவிடும்.

படுவான்கரை:
போட்டோராப்டஸ் அண்ணா. 37இல் பிரச்சினை இல்லை.

வந்தாறுமூலை அக்கா:
தம்பி, பிளாஸ்மிட் கழன்றிருந்தால் வடிநீரிலும் ஏறியிராது. நீங்கள் போகிறபோக்கில் சொன்னதுதான் விசயமே: ஒளி வெறும் தண்ணீரைவிடக் *குறைவு*. கட்மியம் இல்லையென்றால் தண்ணீர்க் குழாயளவு ஒளியாவது வரவேணும். அதற்கும் கீழே போனால் மண் சாறு ஒளியை மறைக்குது, இல்லாட்டி கலத்தை வாட்டுது. அந்த எண்ணை வைத்துக் கட்மியம் உண்டு என்றும் சொல்லேலாது, இல்லை என்றும் சொல்லேலாது.

இரண்டு வேலை செய்யுங்கள். உலோகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒளிரும் இன்னொரு ஈ.கோலைக்கு அதே சாற்றைக் கொடுங்கள். அதுவும் மங்கினால் குற்றம் சாற்றில். பிறகு, தெரிந்த அளவு கட்மியத்தைச் சாற்றுக்குள்ளேயே சேர்த்து, அதில் எவ்வளவைப் பக்டீரியா காட்டுது என்று பாருங்கள். இந்த இரண்டும் இல்லாமல் மண் முடிவு எழுதினால் நான் நம்பமாட்டேன்.

ஒலுவில் காக்கா:
அக்கா சொல்றதோட ரெண்டு விசயம். எம்9ல பொசுபேற்று 60 மில்லிமோலுக்கும் மேல. கட்மியத்தையும் ஈயத்தையும் அது பிடிச்சு வச்சிரும். மொப்ஸ் தாங்கலுக்கு (பிஎச் மாறாம வச்சிருக்கிற, பொசுபேற்று இல்லாத கரைசல்) மாறி, பொசுபரசுக்குக் கிளிசரோபொசுபேற்று போடுங்க. அடுத்தது, வாவியோர மண்ணுல உப்பு. குளோரைட்டு கட்மியத்தோட சேர்ந்துகொண்டா அது கலத்துக்குள்ள லேசில போகாது. மின்கடத்துதிறன் பார்த்தீங்களா?

படுவான்கரை:
மொப்ஸுக்கு மாறிச் செய்துபார்த்தோம். வயல் மண்: எப்போதும் ஒளிரும் பக்டீரியாவும் அதே அளவு மங்கியது. சாறு தேயிலைச் சாயம் மாதிரி இருந்தது, ஐந்து மடங்கு ஐதாக்கியதும் ஒளி திரும்பிவிட்டது. சேர்த்த கட்மியமும் பெரும்பாலும் தெரிந்தது. வாவியோர மண்: ஐதாக்கியபின் அந்தப் பக்டீரியா நன்றாக ஒளிர்கிறது, ஆனால் சேர்த்த கட்மியத்தில் பாதிகூடத் தெரியவில்லை. கடத்துதிறனும் கூட. காக்கா சொன்னதுதான் போல.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. கட்மியம் சேர்க்காத வயல் மண் இப்போது தண்ணீர்க் குழாயளவில் நிற்கிறது. ஏஏஎஸ் இருக்கிறது என்கிறது, பக்டீரியா இல்லை என்கிறது.

வந்தாறுமூலை அக்கா:
இரண்டும் சரி. அமிலம் மண்ணில் உள்ளதையெல்லாம் பிடுங்கி எடுக்கும். பக்டீரியா தண்ணீரில் கரைந்து தனக்குள் புகுந்ததைத்தான் காட்டும், அதுவும் ஐதாக்கியபின் அதன் கண்ணில் படுகிற அளவு மிஞ்சியிருந்தால். மண் எடுத்தபோது வயலில் தண்ணி நின்றதா?

படுவான்கரை:
ஓம், கணுக்கால் அளவு. ஈரமாகவே பையில் கட்டிக்கொண்டு வந்தோம்.

வந்தாறுமூலை அக்கா:
அப்ப யோசிக்க இடமிருக்கு. தண்ணி நிற்கிற வயலில் ஒட்சிசன் இல்லை. கட்மியம் சல்பைட்டாகிக் கரையாமல் கிடக்கும். அறுவடைக்கு முன் தண்ணியை வடித்ததும் காற்றுப் பட்டுத் திரும்பக் கரையும், நெற்பயிர் உறிஞ்சுவதும் அப்பதான் கூட. வடித்தபின் அதே வரம்படியில் மண் எடுத்துப் பாருங்கள்.

ஒலுவில் காக்கா:
அப்ப ஒளி ஏறினாலும் உடனே கட்மியம் எண்டு எழுதிராதீங்க. அந்த ஊக்குவிப்பான் நாகத்துக்கும் (சிங்க்) ஈயத்துக்கும் முழிக்கும். வயலுக்குச் சிங்க் சல்பேட் போட்டதா எண்டு பெரியப்பாட்டக் கேளுங்க. ரி.எஸ்.பி. எண்ட பொசுபேற்று உரத்துலயும் கொஞ்சம் கட்மியம் வரும், அதையும் கேளுங்க.

மண்வெட்டி:
இந்தப் பக்டீரியாவை நேரா வயலில் ஊற்றிப் பார்க்கேலாதா?

வந்தாறுமூலை அக்கா:
கூடவே கூடாது. மரபணு மாற்றியது ஆய்வுகூடத்தை விட்டு வெளியே போகாது. வேலை முடிய 121 பாகையில் 15 நிமிடம் ஓட்டோகிளேவ், பிறகுதான் குப்பை.

படுவான்கரை:
நன்றி அக்கா, காக்கா. சிங்க் போட்டதாம், நட்டு இரண்டு கிழமையில். பெரியப்பா கேட்பது ஒன்றுதான்: அரிசி சாப்பிடலாமா?

ஒலுவில் காக்கா:
அதுக்கு மண்ணும் வேணாம், பக்டீரியாவும் வேணாம். அறுத்த நெல்லைக் குத்தி அரிசியை ஏஏஎஸ்ஸுக்குக் குடுங்க. தீட்டிய அரிசிக்குக் கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) கட்மிய வரம்பு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம்.